ஒரே கிணறு, ஐந்து கோவைகள்: அரச தரவுகளை இணையத்தில் இணைத்தால் யாழ்ப்பாணத்துக்கு என்ன கிடைக்கும்?

கிணற்றடி எழுதியது:

நிலத்தடி நீர் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் எந்தப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது, அந்தத் தண்ணீரை எத்தனை குடும்பங்கள் குடிக்கின்றன, அங்கே என்ன நோய்கள் பதிவாகின்றன, சுற்றிவர என்ன பயிர் செய்கிறார்கள், குழாய் நீர் எங்கே வந்துவிட்டது என்ற ஐந்தையும் ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பது ஆசை. ஐந்துக்கும் விபரம் இருக்கிறது. வயிற்றெரிச்சலே அதுதான். இல்லாத ஒன்றுக்காக யாரும் இவ்வளவு அலைவதில்லை.

நீர்ப் பரிசோதனை முடிவுகள் கிணற்றின் பெயரில் இருக்கின்றன. "பிள்ளையார் கோவிலடிப் பொதுக்கிணறு" என்று ஒரு வரி. வலிகாமத்தில் பிள்ளையார் கோவில் இல்லாத ஒழுங்கை எது? சனத்தொகை கிராம அலுவலர் பிரிவுவாரியாக இருக்கிறது. நோய் விபரம் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுவாரியாக. பயிர் விபரம் கமநல சேவை நிலையத்தின்படி. குழாய் நீரோ திட்டத்தின் பெயரால். ஒன்றின் எல்லை மற்றதன் எல்லையோடு பொருந்துவதில்லை. பொருந்தும் இடத்தில் பெயர் பொருந்துவதில்லை.

அரச தரவைத் திறந்துவிடுவது ஒன்று, அதை ஒன்றோடொன்று இணையத்தில் இணைத்துவிடுவது வேறு என்று இத்துறை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த இரண்டாவதால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவருக்கு உண்மையில் என்ன பயன்? விற்பனைப் பேச்சு வேண்டாம், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பூவரசு (ரொறன்ரோ) எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. உங்களிடம் தரவு இருக்கிறது. ஒரு தரவிலிருந்து மற்றதற்குப் போக வழி இல்லை. அந்த வழியைப் போடுவதுதான் இணைத்த தரவு.

வலையைக் கண்டுபிடித்த டிம் பேர்ணர்ஸ் லீ 2006 இல் இதற்கான விதிகளைச் சுருக்கமாக எழுதினார். 2010 இல் அதையே ஐந்து நட்சத்திர அளவுகோலாக்கினார். எந்த வடிவிலாவது, வருடிய பி.டி.எஃப் ஆக இருந்தாலும்கூட, திறந்த உரிமத்தோடு இணையத்தில் போட்டால் ஒரு நட்சத்திரம். கணினி வாசிக்கக்கூடிய அட்டவணையாகப் போட்டால் இரண்டு. அந்த அட்டவணை ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் அடைபடாத வடிவில் இருந்தால் மூன்று. அட்டவணை பேசுகிற ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் இணைய முகவரி இருந்தால் நான்கு. அந்த முகவரிகள் மற்றவர்களுடைய தரவையும் சுட்டினால் ஐந்து. உலகத்தில் பெரும்பாலான அரச தரவுத் தளங்கள் இரண்டிலோ மூன்றிலோ களைத்து உட்கார்ந்துவிடுகின்றன.

நான்காவதில்தான் விசயம் இருக்கிறது. உடுவில் பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரு நிலையான இணைய முகவரி இருக்கிறது என்று வையுங்கள். மனிதர் அதைச் சொடுக்கினால் அந்தப் பிரிவைப் பற்றிய பக்கம் வரும். கணினி நிரல் கேட்டால், அது எந்த மாவட்டத்துக்குள் இருக்கிறது, எல்லை எது, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் என்ன என்பது வரும். சுகாதாரப் பகுதியும் கமநலப் பகுதியும் "உடுவில்" என்று எழுத்துக்கூட்டி எழுதுவதற்குப் பதிலாக அந்த முகவரியை எழுதினால் போதும். கொழும்பில் சிங்களத்தில் தயாரான அட்டவணையும் சுன்னாகத்தில் தமிழில் தயாரான அட்டவணையும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஒன்றுசேரும். மும்மொழி நாட்டுக்கு இது சிறிய லாபம் அல்ல.

நடந்த உதாரணம் வேண்டுமென்றால், இங்கிலாந்தின் சுற்றாடல் முகவர் நிலையம் கடற்கரைக் குளிப்பிடங்களின் நீர்த்தரத்தை இப்படித்தான் வெளியிட்டது. ஒவ்வொரு மாதிரி எடுக்கும் இடத்துக்கும் ஒரு முகவரி. எடுத்த ஒவ்வொரு மாதிரியும் அந்த இடத்தையும், இடம் தன் உள்ளூராட்சிப் பிரிவையும் சுட்டும். உங்கள் கிணறுகளுக்கு வேண்டியது இதே அமைப்புத்தான், உப்பில்லாமல்.

பழைய கோவை எழுதியது:

பூவரசு தம்பி, நன்றாக விளக்குகிறீர்கள். ஆனால் "உடுவில்" என்று இவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டீர்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில விசயங்களைச் சொல்கிறேன்.

உடுவில் பிரதேச செயலகத்தின் இன்னொரு பெயர் வலிகாமம் தெற்கு. சண்டிலிப்பாய் என்றால் வலிகாமம் தென்மேற்கு. சங்கானை வலிகாமம் மேற்கு, தெல்லிப்பழை வலிகாமம் வடக்கு, கோப்பாய் வலிகாமம் கிழக்கு. கரவெட்டி என்பது வடமராட்சி தென்மேற்கு, மருதங்கேணி வடமராட்சி கிழக்கு. ஒரு திணைக்களம் ஊர்ப் பெயரால் எழுதும், மற்றது திசைப் பெயரால் எழுதும். வெளியூரில் இருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் இரண்டையும் வெவ்வேறு இடம் என்று நினைத்து இரண்டு வரி போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எல்லை. மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 15, கிராம அலுவலர் பிரிவுகள் 435, உள்ளூராட்சி சபைகள் 17, கல்வி வலயங்கள் 5. மாநகர சபையின் எல்லை யாழ்ப்பாணம், நல்லூர் என்று இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் விழுகிறது. "யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம்" என்று வானொலியில் கேட்டால் அதற்குள் கிளிநொச்சியும் இருக்கிறது என்று எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

இதனால் வரும் தவறு சின்னத் தவறு அல்ல. 1981 குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 8 இலட்சத்து 30 ஆயிரம். 2012 இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டரை இலட்சம் பேரை இழந்தோம்" என்று மேடையில் பேசுகிறார்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். 1981 இன் யாழ்ப்பாணத்துக்குள் கிளிநொச்சியும் இருந்தது. இன்றைய மாவட்ட எல்லைக்குள் அன்று இருந்தவர்கள் ஏறக்குறைய 7 இலட்சத்து 38 ஆயிரம். ஆகவே குறைவு ஒன்றரை இலட்சம் அளவில். அதுவும் கொடுமையான எண்தான், கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. நடுவில் 2001 ஐத் தேடிப் பிரயோசனம் இல்லை. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு வடக்கில் முழுமையாக நடக்கவில்லை.

உங்கள் இணைய முகவரி "யாழ்ப்பாண மாவட்டம், 1984 க்கு முன்" என்பதையும் "யாழ்ப்பாண மாவட்டம், 1984 க்குப் பின்" என்பதையும் இரண்டாகப் பிரித்துச் சொல்லுமா? சொல்லும் என்றால் நான் உங்கள் பக்கம்.

பூவரசு (ரொறன்ரோ) எழுதியது:

சொல்லும் ஐயா. சொல்லாவிட்டால் அது இணைத்த தரவே அல்ல. இரண்டுக்கும் இரண்டு முகவரி. முதலாவது எந்த ஆண்டில் முடிந்தது, அதிலிருந்து எவை பிரிந்தன என்பது அந்த முகவரியிலேயே பதிந்திருக்கும். ஒரு தொடர்பு ஒரு சிறு வாக்கியம்தான், எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்: "கிளிநொச்சி மாவட்டம், பிரிந்தது, பழைய யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து." உங்கள் தலைக்குள் இருக்கும் அறிவைக் கணினிக்குச் சொல்லிவைக்கும் முறை இது. மன்னிக்கவும், நீங்கள் ஓய்வுபெற்றபோது கச்சேரி இழந்தது ஒரு கதிரையை நிரப்பும் ஆளை மட்டும் அல்ல.

தீவான் எழுதியது:

வலிகாமத்தார் இரண்டு பெயருக்கே இவ்வளவு சத்தம் போடுகிறீர்கள். எங்கள் ஊர்காவற்றுறை ஆங்கிலத்தில் கயிற்ஸ், பிரதேச செயலகத்தில் தீவகம் வடக்கு. வேலணை தீவகம் தெற்கு. நெடுந்தீவு ஒல்லாந்தர் வைத்த டெல்வ்ற் என்ற பெயரோடு இன்னும் உத்தியோகபூர்வமாக மிதந்துகொண்டிருக்கிறது. தேர்தல் முடிவில் ஊர்காவற்றுறைத் தொகுதி, வரைபடத்தில் கயிற்ஸ், நிவாரணப் பட்டியலில் தீவகம். ஒரே மண்ணுக்கு மூன்று பெயர்.

ஆய்வுகூடப் பூனை எழுதியது:

இடப்பெயர் குழப்பத்தைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று இருக்கிறது. இரசாயனவியலில் முதுமாணி செய்கிறேன், நீர் மாதிரிகளோடுதான் வாழ்க்கை. கிணற்றடி அண்ணா கேட்ட நைத்திரேற்றையே எடுக்கிறேன்.

நைத்திரேற்றை இரண்டு விதமாக அறிக்கையிடலாம். நைத்திரேற்று அயன் முழுவதன் திணிவாக எழுதலாம். அல்லது அதற்குள் இருக்கும் நைதரசனின் திணிவை மட்டும் எழுதலாம். இரண்டுக்கும் அலகு ஒன்றே: லீற்றருக்கு மில்லிகிராம். ஆனால் அயனின் மூலக்கூற்றுத் திணிவு 62, நைதரசனுடையது 14. எனவே நைதரசனாக எழுதிய எண்ணை 4.43 ஆல் பெருக்கினால்தான் அயனாக எழுதிய எண் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு அயனாக 50. அதையே நைதரசனாகச் சொன்னால் ஏறக்குறைய 11. இப்போது ஓர் அட்டவணையில் "நைத்திரேற்று: 12" என்று இருக்கிறது. அயனாக இருந்தால், நைத்திரேற்றைப் பொறுத்தவரை அந்தக் கிணறு நல்ல கிணறு. நைதரசனாக இருந்தால் அது அயனாக 53. எல்லையைத் தாண்டிவிட்டது, அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடாது. தலைப்பில் ஒரு சொல் விடுபட்டதால் இரண்டு கிணறும் ஒரே எண்ணாகத் தெரிகிறது. வெவ்வேறு ஆய்வுகூடங்களின் அறிக்கைகளை வெட்டி ஒட்டி அட்டவணையின் ஒரே பத்தியில் போட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக அதன் செறிவு இன்னும் கூடும். ஆகவே "கொதித்தாறிய நீர் தானே" என்ற ஆறுதலும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை இணைத்த தரவின் மிகப் பெரிய பயன் இங்கேதான். இடத்துக்கு முகவரி இருப்பதுபோல அளவைக்கும் முகவரி இருக்கும். பத்தியின் தலைப்பில் "நைத்திரேற்று" என்று சொல்லை மட்டும் எழுதாமல், "நைத்திரேற்று, நைதரசனாக, இந்த முறையில் அளந்தது" என்று வரையறுத்த முகவரியைச் சுட்ட வேண்டும். சுட்டாவிட்டால் அந்தப் பத்தியை மற்றதோடு சேர்க்கவே முடியாது, சேர்க்கவும் கூடாது. மாதிரி எடுத்த திகதியும் அப்படியே. சுண்ணக்கல் நீர்த்தேக்கத்தில் மாரிக்குப் பிறகு வரும் எண்ணும் புரட்டாதியில் வரும் எண்ணும் ஒன்றல்ல. நிலத்தில் போட்ட யூரியாவும் மலக்குழியில் ஊறுவதும் மழையோடுதான் கீழே இறங்குகின்றன.

சுன்னாகத்தில் ஒரு தனியார் மின் உற்பத்தி நிறுவனத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்தது என்ற விவகாரத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு தரப்பு கிணறுகளில் எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொரு தரப்பின் நிபுணர் அறிக்கை இல்லை என்றது. எந்தக் கிணறு, எந்த மாதம், எந்த முறை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சாதாரண சனத்துக்கு வழி இருக்கவில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. அதுவரை எங்கள் வீடுகளில் போத்தல் தண்ணீர்.

செம்மண் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் படித்த பிள்ளை, நல்ல நோக்கத்தில் சொல்கிறீர்கள். நான் கோப்பாய்ப் பக்கம் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவன். எனக்கு ஒரு பதில் தாருங்கள்.

என் கிணற்றின் எண்ணை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகப் போடுகிறீர்கள். நாளைக்கு என் மகளுக்குச் சீதனமாக எழுதவிருக்கும் காணி அது. மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில் அந்தப் புள்ளியைப் பார்ப்பார்கள். வெங்காயம் வாங்க வருகிற வியாபாரியும் பார்ப்பான், பார்த்துவிட்டு விலையைக் குறைப்பான். பிறகு யூரியா போட்டவன் இவன்தான் என்று பழியும் என் தலையில். பக்கத்து ஒழுங்கையில் பத்து அடிக்கு ஒரு மலக்குழி கட்டியிருக்கிறார்கள், அதற்குப் புள்ளி உண்டா? உரம் விற்ற கடைக்குப் புள்ளி உண்டா?

இணைப்பதால் பயன் என்கிறீர்கள். யாருக்குப் பயன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வலி வடக்கான் எழுதியது:

செம்மண் அண்ணாவின் கேள்வியை நான் இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன்.

2012 கணக்கெடுப்பு அட்டவணையில் வலிகாமம் வடக்கின் சில கிராம அலுவலர் பிரிவுகளுக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த பிரிவுகளில் குடிமக்கள் எவரும் இல்லை. எண்ணியவர்கள் பொய் எழுதவில்லை. அன்று அங்கே எவரும் தூங்கவில்லை. ஆனால் அந்தச் சனம் 1990 இல் போரால் இடம்பெயர்ந்து, முகாமிலும் சொந்தக்காரர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருந்தது. வெளியூர் ஆய்வாளர் ஒருவர் அந்த வெற்றிடத்தை எடுத்து வேறு அட்டவணையோடு இணைத்தால் "ஆளில்லாத பகுதி, பாடசாலை தேவையில்லை, வைத்தியசாலை தேவையில்லை" என்று கணினி அழகாகப் படம் வரைந்து காட்டும். எண் இணைந்துவிடும், காரணம் பின்னால் நிற்கும்.

இரண்டாவது, இணைத்தல் என்ற காரியமே எங்களுக்குக் கொஞ்சம் நடுக்கம் தருகிறது. குடும்ப விபரம் எழுதச் சொல்லிச் சீருடையோடு படலைக்கு வந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். காணிப் பதிவு ஓரிடத்தில், வாக்காளர் இடாப்பு ஓரிடத்தில், நிவாரணப் பட்டியல் ஓரிடத்தில் என்று சிதறிக் கிடப்பது உத்தியோகத்தருக்குத் தொல்லை. எங்களில் சிலருக்கு அதுவே பாதுகாப்பாகவும் இருந்தது.

பூவரசு (ரொறன்ரோ) எழுதியது:

வலி வடக்கான் சொல்வதை நான் மறுக்கப்போவதில்லை. தனி ஆளைப் பற்றிய பதிவுகள் திறந்த தரவு அல்ல. அவற்றை இணைப்பது நான் பேசும் விசயமே அல்ல. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது என்பதும் தெரியும். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். அதிகாரம் உள்ளவர்களுக்கு உங்கள் விபரங்களை இணைக்க இணையம் தேவைப்பட்டதில்லை. அவர்கள் எப்போதும் இணைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இணைக்க முடியாமல் இருப்பவர் நீங்கள்தான்: அரசாங்கத்தின் செலவை, அரசாங்கத்தின் ஒப்பந்தத்தை, அரசாங்கத்தின் நீர்ப் பரிசோதனையை. திறந்த இணைப்பு பார்வையின் திசையைத் திருப்புகிறது.

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துகளின் விபரம் திறந்து வெளியானபோது, ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் ஒரு குறியீடு, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறியீடு இருந்தது. நோயாளி பெயர் ஒன்றும் இல்லை. 2012 இல் சிலர் அதை எடுத்து, கொழுப்பைக் குறைக்கும் ஒரே வகை மருந்தில் விலை கூடியதை எந்தப் பகுதிகளில் அதிகம் எழுதுகிறார்கள் என்று படம் போட்டார்கள். மலிவான சமமருந்தை எழுதினால் ஆண்டுக்கு 20 கோடி பவுண்கள் அளவில் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்கு வந்தது. அங்கே புள்ளி விழுந்தது நோயாளியின் வீட்டில் அல்ல, செலவு செய்த நிலையத்தின் மேல்.

வெற்றிடத்தைப் பற்றி: "0" என்ற எண்ணோடு "இந்தத் திகதியில் இந்தப் பிரிவு மூடப்பட்டிருந்தது" என்ற கூற்றையும் சேர்த்துச் சுட்டலாம். எக்செல் கட்டத்துக்குள் காரணத்தைப் போட இடமில்லை. இங்கே இருக்கிறது. போடுவார்களா என்பது வேறு பிரச்சினை, அது கணினிப் பிரச்சினை அல்ல.

வெண்கட்டி எழுதியது:

ஒரு ஆசிரியையின் சின்னக் குறுக்கீடு. நீங்கள் ஐந்தாவது நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வரும் சுற்றறிக்கைகள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வருகின்றன. திரையில் தமிழாகத் தெரியும், பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. இப்படி எத்தனை ஆண்டு ஆவணம் மாவட்டத்தில் கிடக்கிறது என்று நினைத்தால் தலை சுற்றும். முகவரி கொடுக்கமுதல் எல்லாம் யூனிகோடுக்கு வரட்டும்.

நிலையான இலக்கத்தின் பெறுமதி எங்கள் ஆட்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் பத்திரிகைக்கும் ஒரு நூலக எண் உண்டு. என் மாணவர்கள் கட்டுரையில் அந்த எண்ணைப் போடுகிறார்கள், வாசிப்பவர் நேரே அந்த ஆவணத்துக்குப் போய்விடுகிறார். தன்னார்வலர்கள் செய்துகாட்டியதைத் திணைக்களம் செய்ய முடியாதா?

பழைய கோவை எழுதியது:

டீச்சர் சொன்னது சரி, ஆனால் திணைக்களம் செய்தால் அது நிலைக்குமா என்பதே என் பயம். நம் நாட்டில் ஆட்சி மாறினால் அமைச்சின் பெயர் மாறும். விவசாயத்தோடு நீர்ப்பாசனத்தைச் சேர்ப்பார்கள், அடுத்தவர் பிரிப்பார், மூன்றாமவர் கிராமிய அபிவிருத்தியையும் கட்டிவிடுவார். பெயர்ப்பலகை, கடிதத் தலைப்பு, இறப்பர் முத்திரை எல்லாம் புதிது. இணையத்தளமும் புதிது. பழைய முகவரியில் இருந்த அறிக்கை எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்ப்பார்கள். இணைக்காத அட்டவணை தொலைந்தால் அது ஒன்றுதான் தொலையும். நீங்கள் சொல்கிறபடி எல்லாம் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நின்றால், ஒன்று போக அதைச் சுட்டும் அத்தனையும் ஊமையாகும்.

பூவரசு (ரொறன்ரோ) எழுதியது:

முழுக்கச் சரி ஐயா. பணக்கார நாடுகளிலும் ஆரவாரத்தோடு தொடங்கிய இணைத்த தரவு வாசல்கள் பல இன்று பதில் சொல்வதில்லை. பேர்ணர்ஸ் லீ 1998 இலேயே எச்சரித்தார்: முகவரிக்குள் எழுதியவரின் பெயரையும் பொருள் வகையையும் போடாதீர்கள், அவை மாறும். எனவே அமைச்சின் பெயரில்லாத, தேசிய அளவில் ஒரே இடத்தில் இருக்கும் முகவரி வேண்டும். ஒரு பிரதி வெளியேயும் இருக்க வேண்டும். 2012 இல் தொடங்கிய விக்கித்தரவில் இடங்களுக்கு இலக்கம் இருக்கிறது, எவரும் திருத்தலாம். திணைக்களம் தூங்கினாலும் அதன் குறியீட்டையும் விக்கித்தரவு இலக்கத்தையும் பொருத்தி வைத்த பட்டியல் நம்மிடம் இருந்தால், முழுவதும் தொலையாது.

இன்னொன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு முகாம்களையும் காணாமல்போனோரையும் நிவாரணத்தையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்களே சகானா என்ற திறந்த மென்பொருளை எழுதினார்கள். பிறகு அது வேறு நாடுகளின் பேரிடர்களுக்கும் போனது. இந்த நாட்டில் ஆளில்லை என்று சொல்லாதீர்கள். பேரிடர் வந்த பிறகு உட்கார்ந்து ஊர்ப்பெயர் பொருத்துவதுதான் கொடுமை. மருதங்கேணிப் பட்டியலும் வடமராட்சி கிழக்குப் பட்டியலும் ஒன்று என்று கண்டுபிடிக்க அப்போது நேரம் இருக்காது.

ஆய்வுகூடப் பூனை எழுதியது:

செம்மண் அண்ணாவுக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன். உங்கள் பயம் நியாயம். கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரு சராசரி போட்டுவிட்டால் உங்கள் புள்ளி மறையும். ஆனால் சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் இருக்கிற இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே வேறுபடும். சராசரி 30 என்று வரும். அதற்குள் ஒரு வீட்டில் 80 இருக்கும். அந்த 80 ஐக் குடிக்கும் தாய்க்கு நான் என்ன சொல்வது?

பொதுக்கிணறு, கோவில் கிணறு, பாடசாலைக் கிணறு, சபை வழங்கும் நீர் ஆகிய எல்லாவற்றுக்கும் புள்ளி போடலாம், மறைக்க ஒரு நியாயமும் இல்லை. வீட்டுக் கிணற்றுக்கும் தோட்டக் கிணற்றுக்கும் இலக்கம் கொடுப்போம். இலக்கமும் முடிவும் சொந்தக்காரர் கையில் இருக்கட்டும், வெளியே பிரிவளவில் மட்டும் போகட்டும். எத்தனை கிணறு அளந்தோம், அதில் எத்தனை எல்லையைத் தாண்டின என்று. சராசரி வேண்டாம்.

செம்மண் எழுதியது:

அப்படியென்றால் பேசலாம். ஆனால் மலக்குழியையும் எண்ணுங்கள். பிரதேச சபையில் கட்டட அனுமதிக் கோவை இருக்கிறது, கிணற்றுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று படத்தில் கீறியே அனுமதி எடுக்கிறார்கள். ஒரு பிரிவில் இத்தனை குழி என்ற எண்ணையும் இத்தனை மூட்டை யூரியா என்ற எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். அதையும் இணையுங்கள். தோட்டக்காரனை மட்டும் தனியாகப் புள்ளி போட்டால் நான் மாதிரி எடுக்க வாளி தரமாட்டேன்.

கிணற்றடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடப்போகிறேன். வரைவு இது: "கடந்த ஐந்து ஆண்டுகளில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பரிசோதித்த கிணறுகளின் நைத்திரேற்று அளவுகள், கிராம அலுவலர் பிரிவுவாரியாக, எக்செல் வடிவில் தரவும்." ஐயா, பார்த்துத் திருத்த முடியுமா?

பழைய கோவை எழுதியது:

இப்படிப் போட்டால் ஓர் எண்ணும் ஒரு கையொப்பமும் வரும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் எழுதத் தேவையில்லை, எழுதவும் வேண்டாம். கேட்ட வடிவில் தருவதே பொது விதி, ஆகவே வடிவத்தை வடிவாகக் கேளுங்கள்.

"தொகுப்பு வேண்டாம், பதிவேட்டில் உள்ளபடி ஒவ்வொரு மாதிரியும் ஒரு வரி" என்று எழுதுங்கள். முதல் பத்தியில் கிராம அலுவலர் பிரிவின் இலக்கம், ஜே என்ற எழுத்தோடு வருவது, அப்படியே வரவேண்டும். பெயர் மட்டும் போதாது. அடுத்தது மாதிரி எடுத்த திகதி. அறிக்கைத் திகதி அல்ல. பொதுக்கிணறா தனியார் கிணறா. சொந்தக்காரர் பெயரை நீக்கித் தரும்படி நீங்களே எழுதிவிடுங்கள், மறுப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் குறையும். பிறகு அந்தப் பிள்ளை சொன்னது: அளவு அயனாகவா நைதரசனாகவா, எந்த முறையில். அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், "விபரம்" என்ற சொல்லுக்குள் ஒளிக்க வேண்டாம்.

மலக்குழிக்கு வேறு விண்ணப்பம், அது ஒவ்வொரு சபைக்கும் தனித்தனியாகப் போகவேண்டும். எந்தப் பிரிவு எந்தச் சபைக்குள், எந்தச் சுகாதாரப் பிரிவுக்குள் என்ற பொருத்தப் பட்டியலை என் பழைய குறிப்புகளில் இருந்து தட்டச்சு செய்து தருகிறேன். யூனிகோடில்தான், டீச்சர். வலிகாமத்தில் தொடங்குகிறேன்.

தீவான் எழுதியது:

தீவகத்தில் தொடங்குங்கள் ஐயா. ஆறேழு பெயர்தான், சீக்கிரம் முடிந்துவிடும். வலிகாமத்தில் தொடங்கினால் எங்கள் முறை வர அடுத்த குடிசன மதிப்பு வந்துவிடும்.